புதுக் கார் மணம்

காருக்கு முற்பணம் கட்டிவிட்டு வந்த அன்று, அது என்ன நிறம் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது முதற் கேள்வி அல்ல. "விக்கேக்கை என்ன விலை போகும்?" அதுதான் முதற் கேள்வி. மாடு வாங்கினாலும் அதுதான், தோட்டத்துக்கு நீரிறைக்கும் மெசின் வாங்கினாலும் அதுதான். உரும்பிராயில் நான் வளர்ந்த வீட்டில் எந்தப் பொருளும் முழுதாக எங்களுடையதாக இருந்ததில்லை. பின்னொரு நாள் யாரோ ஒருவர் வாங்கப்போகும் பொருளை அதுவரை நாங்கள் பத்திரமாக வைத்திருந்தோம். கதிரைகளின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றியதே இல்லை. அப்பாவின் சைக்கிள் பாரில் அவர் சாகும்வரை தடித்த கடதாசி சுற்றியிருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது இடம்பெயர்ந்து போன வழியில், விற்க முடிந்த பொருட்கள்தான் எங்களுக்குச் சாப்பாடு போட்டன என்று அம்மா சொல்லுவார். அந்த வீட்டில் விற்க முடியாத பொருளாக வந்து சேர்ந்தது என்னுடைய பட்டச் சான்றிதழ் ஒன்றுதான்.

மின்சாரக் கார் ஏன் என்று கேட்டவர்களுக்குப் பெற்றோல் தட்டுப்பாட்டுக் கால வரிசைகளை நினைவூட்டினேன். எல்லோரும் அந்த வரிசைகளில் நின்றவர்கள், அதனால் தலையாட்டினார்கள். உண்மையான காரணம் அம்மாவின் மூக்கு.

அம்மாவுக்கு டீசல் மணம், பெற்றோல் மணம் இரண்டும் ஒத்துவராது. உரும்பிராய்ச் சந்தியில் பஸ் ஏறினால் கோண்டாவில் வருவதற்குள் முகம் வெளிறி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிடுவார். மிச்சத் தூரத்துக்கு நடைதான். ஓட்டோவும் அப்படித்தான். ரயிலில் போகலாம் என்று ஒருமுறை கூட்டிப் போனேன். கோண்டாவில் ஸ்ரேசன் வாசலில் புகை பட்டதும் திரும்பிவிட்டார். என் மோட்டார் சைக்கிளில் ஒருபக்கமாக உட்கார்ந்து கொஞ்சக் காலம் வந்தார், காற்று முகத்தில் அடித்தால் மணம் தெரியாது என்பார். முழங்கால் மடங்காமல் போனபின் அதுவும் நின்றது. அவருடைய உலகம் கோயில், தோட்டம், ஒழுங்கை முனைக் கடை என்று சுருங்கியது. அப்பா இறந்து, அக்கா கனடா போனபிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் பட்டமளிப்புக்கு அம்மா சாவகச்சேரிவரை வந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக ஏறிய பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தார், புதுச் சேலை, கையில் முகர்வதற்கு ஒரு தேசிக்காய். சாவகச்சேரியில் சாரதியைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லி இறங்கி, வீதியோரம் குந்திச் சத்தி எடுத்தார். நானும் இறங்கப் போனேன். "நீ போ மோனை, நேரம் போயிடும். நான் அடுத்த பஸ்ஸிலை வீட்டை போயிடுவன்" என்று கையால் தள்ளினார். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டமளிப்பில் எடுத்த படத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பூச்சாடி நிற்கிறது.

அதனால்தான் இந்தக் கார். இதை நான் அம்மாவிடமும் சொல்லவில்லை.

கார் சீனத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். ஷோறூமில் விற்பனைக்கு நின்றவர் கப்பலின் பெயரைத் தந்தார். கைத்தொலைபேசியில் அந்தப் பெயரை அடித்தால் நீலக் கடலில் ஒரு சிறு அம்புக்குறி தெரியும். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் பார்த்திருப்பேன். கம்பஸ் நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன். ஒருவன் மெல்பேர்னிலிருந்து, "மச்சான், உந்தக் காரைப் பேந்து விக்கேலுமோ?" என்று கேட்டான். வேறு யாரும் ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அப்போது வேறு வேறு நேரம்.

அலுவலகத்தில் என் எதிர் மேசை அண்ணை குருநகர்க்காரர். அவருடைய தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். மேசை வேலைக்கு வந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் என்பதால் என்னோடு கொஞ்சம் ஒட்டு. தொலைபேசியை எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கப்பல் கரை தட்டீட்டுதோ?" என்பார்.

"சிங்கப்பூர் தாண்டீட்டுது அண்ணை. ஆனா எல்லாரும் சொல்லினம், சீனத்துக் காருக்குப் பேந்து விலை இல்லையாம். பற்றரி பழுதானால் ஒருத்தரும் தொடமாட்டினமாம்."

"நீங்கள் தோட்டக்காரர், வேண்டேக்கையே விக்கிறதைக் கதைப்பியள். எங்கடை ஆக்கள் வள்ளத்துக்கு எஞ்சின் வேண்டேக்கை ஒண்டுதான் கேப்பினம். இது என்னைத் திருப்பிக் கரைக்குக் கொண்டருமோ? அவ்வளவுதான்."

"இது கார் அண்ணை, கடல்லை ஓடாது."

"அப்ப கரையிலைதானே நிக்கும். பேந்தேன் பயப்பிடுறாய்?" என்று சொல்லிவிட்டு என் பெட்டியிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போவார்.

வீட்டில் அம்மாவும் அந்த அம்புக்குறியைக் கேட்கத் தொடங்கினார். அதுவரை மாலையில் எங்களுக்குள் கதைக்க அதிகம் இருந்ததில்லை. "சாப்பிட்டியோ", "படலையைப் பூட்டினியோ" என்பதோடு முடிந்துவிடும். இப்போது தேத்தண்ணியை வைத்துவிட்டு நிற்பார்.

"கப்பல் எங்கை மோனை?"

"நடுக்கடல்லை அம்மா."

"அங்கை மழையோ?"

"தெரியேல்லை."

"தெரியாட்டி என்னத்துக்கு உந்தப் போன்?"

நான் கப்பலைத் தேடாத நாட்களிலும் அம்மா கேட்பதற்காகத் தேடிவைத்தேன்.

கப்பல் துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைக்காமல் நின்ற நாட்களில்தான் அக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தாள். "தம்பி, அம்மான்ரை விசா வந்திட்டுது. எனக்குப் பிள்ளை பிறக்க முதல் அவ இஞ்சை நிக்கோணும்."

"கட்டுநாயக்கா எயாப்போட்டுக்கு எப்பிடிப் போவா? அவ சாவகச்சேரி தாண்டமாட்டா."

"உன்ரை கார் வருகுதெல்லே? அதிலை மணம் இல்லையெண்டு நீதானே சொன்னனி. கொண்டுபோய் ஏத்திவிடு."

அம்மா உடனே ஓம் என்றார். எனக்காகப் புறப்பட்டுச் சாவகச்சேரியில் இறங்கியவர் அக்காவுக்காகக் கடல்களைத் தாண்டச் சம்மதித்தார். எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் அன்று இரவு சொதியில் உப்புக் குறைவு என்று தேவையில்லாமல் சொன்னேன். அம்மா உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளிவைத்தார். நல்லூருக்கும் கீரிமலைக்கும் கூட்டிக்கொண்டு திரிய நினைத்து வாங்கிய கார் அவரை வழியனுப்பும் கார் ஆகிவிட்டது.

அதன்பிறகு எனக்கும் விற்கிற யோசனை உண்மையாகவே வந்தது. அம்மா போனபின் எனக்கு எதற்குக் கார்? அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிள் காணும். நல்லூரில் வாகனத் தரகர் ஒருவர் இருக்கிறார், வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் டயர் அழுத்தம் பார்க்கும் கருவி வைத்திருப்பார். அவரைப் போய்க் கேட்டேன்.

"ஒரே ஒரு ஓட்டம், கட்டுநாயக்கா போய் வாறது. பிறகு குடுக்கிறதெண்டால்?"

"குடுக்கலாம் தம்பி. ஆனா ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. சீற்றிலை கிடக்கிற கொம்பனிப் பிளாஸ்ரிக்கைக் கழட்டாதேங்கோ. வாறவன் கதவைத் திறக்க அது சரசரக்கோணும். அந்தச் சத்தத்துக்குத்தான் இஞ்சை ஆக்கள் விலை பேசுறது. பிளாஸ்ரிக் இல்லாத கார் பழைய கார்தான்."

எனக்கு அது விளங்கியது. எங்கள் வீட்டுக் கதிரைகளும் அப்படித்தான் சரசரத்தன.

அம்மாவின் பயண நாளுக்குக் கொஞ்சம் முன்னால், ஒருவழியாகக் கார் வந்தது. ஷோறூமிலிருந்து நேராக நல்லூருக்கு விட்டேன். திருவிழா முடிந்து வீதியில் மணல் மட்டும் கிடந்தது. டயர்களுக்குக் கீழ் தேசிக்காய் வைத்து நசித்தேன். குருக்கள் முன் கண்ணாடியின் நடு உச்சியில் பெரிதாகச் சந்தனம் வைத்தார். அது கமெரா இருக்கும் இடம். உரும்பிராய்வரை கார் முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று கத்திக்கொண்டே வந்தது. சந்தனத்தைத் துடைக்க எனக்கும் மனம் வரவில்லை.

படலையில் அம்மா ஆலாத்தித் தட்டோடு தனியாக நின்றார். தட்டைக் காருக்குச் சுற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பிளாஸ்ரிக் சரசரத்தது.

"ஸ்ராட் பண்ணன், மோனை."

"ஓடிக்கொண்டிருக்கு அம்மா."

அம்மா வெளியே பார்த்தார். வேலி பின்னால் போய்க்கொண்டிருந்தது. வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆனால் கோண்டாவில் நெருங்கும்வரை அந்தக் கை வாயிலிருந்து எடுபடவில்லை. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார். கதவைத் திறந்து வீதியோரம் குனிந்தார்.

"இதிலை டீசலும் இல்லை, பெற்றோலும் இல்லை. பேந்தென்ன அம்மா?"

"புதுச் செருப்புக் கடையுக்கை விட்டுப் பூட்டின மாதிரிக் கிடக்கு, மோனை."

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். உண்மைதான். வெயிலில் சூடேறிய பிளாஸ்ரிக், பசை, றப்பர். எல்லோரும் ஆசையாகச் சொல்லும் புதுக் கார் மணம். மணமில்லாத கார் வேண்டும் என்று இவ்வளவு தேடிய எனக்கு, புதிதாக இருப்பதற்கும் ஒரு மணம் உண்டென்று தோன்றவே இல்லை.

அடுத்த நாள் மல்லிகை வாசனைப் போத்தல் ஒன்று வாங்கிக் காருக்குள் தொங்கவிட்டேன். அம்மா தலையை மட்டும் உள்ளே விட்டு வெளியே எடுத்தார். "இப்ப செருப்புக் கடையிலை செத்தவீடு" என்றார்.

மணம் சீற் உறைகளிலிருந்துதான் அதிகம் வந்தது. அது முதல்நாளே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாசனைப் போத்தல் வாங்கினேன். பின்னேரம் போத்தலைக் கழற்றி எறிந்துவிட்டு, முன் சீற்றின் உறை ஓரத்தில் நகத்தை விட்டேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றோடு வந்தார்.

"என்ன செய்யிறாய்?"

"உறையைக் கழட்டுறன்."

"விக்கேக்கை அது கிடக்கோணுமெண்டெல்லே தரகர் சொன்னவர்?"

"ஓம்."

"பேந்து?"

"நீங்கள் போகோணுமெல்லே."

"நான் பஸ்ஸிலை போறன். சத்தி வந்தால் வந்திட்டுப் போகுது. பொருளைப் பழுதாக்காதை, தம்பி!"

கோபம் வந்தால்தான் அம்மாவுக்கு நான் தம்பி. உறையைப் பிடித்து இழுத்தேன். நீளமாக ஒரு சத்தம் வந்தது. அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், யாரோ அடிவாங்குவதைப் பார்க்க முடியாதவர்போல. நான்கு சீற்றையும் உரித்து முடித்தபோது பிளாஸ்ரிக் குவியல் முற்றத்தில் காற்றுக்குப் புரண்டது. அம்மா அதை எறியவிடவில்லை. மடித்து, வெங்காயம் கட்டித் தொங்கவிடும் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

அதன்பின் கார் வேப்பமரத்தின் கீழ் கதவுகள் எல்லாம் திறந்தபடி நின்றது. செம்மண் தூசு உள்ளே போனது. ஒரு கோழி பின் சீற்றில் முட்டையிட்டது. மணம் பழக வேண்டும் என்று அம்மா மத்தியானங்களில் முன் சீற்றில் உட்கார்ந்து, காலை வெளியே நீட்டியபடி வெங்காயம் துப்பரவாக்கினார். சருகு பறந்து எல்லா இடுக்குகளிலும் புகுந்தது. ஒழுங்கையால் போன அயல்வீட்டு மாமி நின்று பார்த்தார். "என்ன அக்கா, வெங்காயத்துக்கும் ஏசியோ?"

"ஓமடி, உன்ரையையும் கொண்டா, குளிர விடுவம்."

நான் வேலை முடிந்து வந்து அவரை ஏற்றிச் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடினேன். முதலில் சந்தி. பிறகு கோப்பாய். ஒரு வெள்ளிக்கிழமை நல்லூர். கோயில் வாசலில் இறங்காமல் காருக்குள்ளிருந்தே கைகூப்பி நெடுநேரம் கோபுரத்தைப் பார்த்திருந்தார். சத்தி வரவில்லை. அவரை அனுப்பிவைக்கத்தான் இவ்வளவும் பழக்குகிறேன் என்ற நினைப்பு, திரும்பி வரும்போது என்னோடு கூட வந்தது.

பயண நாளில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மடியில் ஒரு பிடி வெங்காயத்தோடு அம்மா உட்கார்ந்திருந்தார். இடைக்கிடை ஒன்றை நசித்து முகர்ந்தார். நான் ஒன்றும் கதைக்கவில்லை, கதைத்தால் அவருக்கு வயிறு நினைவு வந்துவிடும் என்று பயம். சாவகச்சேரிச் சந்தையைக் கடந்து கொஞ்சத் தூரம் போனபின் அவரே கேட்டார்.

"சாவகச்சேரி வந்திட்டுதோ?"

"தாண்டீட்டம் அம்மா."

அவர் திரும்பிப் பின் கண்ணாடியால் பார்த்தார். "அண்டைக்கு அந்த பஸ் ஸ்ராண்டிலைதான் பின்னேரம் மட்டும் இருந்தனான்."

"அடுத்த பஸ்ஸிலை வீட்டை போனியளெண்டெல்லே நினைச்சன்."

"எப்பிடிப் போறது? மகன் பட்டம் எடுக்கிறான், பாக்கப் போறனெண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டு வந்தனான். வெள்ளனத் திரும்பிப் போனால் சிரிக்க மாட்டாளவையே? இருட்டுப்பட்டாப்பிறகு போய்ப் படலையைப் பூட்டினன். அடுத்தநாள் கேட்ட ஆக்களுக்கு வடிவா நடந்ததெண்டு சொன்னனான்."

சொல்லிவிட்டு ஒரு வெங்காயத்தை நசித்தார். கண் எரிவதற்கு இரண்டு பேருக்கும் காரணம் இருந்தது.

வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை முற்றத்தில் சார்ஜ் போட்டோம். அம்மா வயரைப் பார்த்து, "மாட்டுக்கண்டு கட்டிவைச்ச மாதிரி நிக்குது" என்றார். அவர் ஒரு முறைகூடச் சத்தி எடுக்கவில்லை. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வந்தது. பாரம் கூடிவிட்டது என்று ஒரு பையைத் திருப்பித் தந்தார்கள், மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் வெங்காயமும். அம்மா என் கையைப் பிடித்தார். அழுவார் என்று நினைத்தேன். "விலை படியாட்டிக் குடாதை, என்ன" என்றார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பையை முன் சீற்றில் வைத்தேன். கார் கத்தத் தொடங்கியது. பாரம் தெரிந்தால் அதற்கு அது ஆள், பெல்ற் போடவேண்டும். பையைச் சுற்றிப் பெல்ற்றை மாட்டினேன். கார் அமைதியானது. அப்படியே யாழ்ப்பாணம்வரை வந்தோம்.

திங்கட்கிழமை குருநகர் அண்ணை கேட்டார். "என்ன, கரைக்குக் கொண்டந்ததோ?"

"ஓம் அண்ணை. என்னை."

 மத்தியானம் தன் பெட்டியிலிருந்து பொரித்த மீன் துண்டொன்றை என் பெட்டி மூடியில் வைத்துவிட்டுப் போனார்.

தரகர் வந்து பார்த்தார். டயரைப் பார்த்தார், ஸ்கிறீனைத் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"உதென்ன தம்பி, வெங்காயச் சந்தையே?"

"அம்மா உள்ளுக்கை இருந்து துப்பரவாக்கினவா."

"பிளாஸ்ரிக்?"

"கழட்டியாச்சு. கொட்டிலுக்கை கிடக்கு."

அவர் செத்தவீட்டில் விசாரிப்பவர்போலத் தலையை ஆட்டினார். "இந்த மணத்தோடை ஒருத்தனும் கிட்ட வரான். உள்ளுக்கை வடிவா ஷாம்பூ போட்டுக் கழுவி, ரெண்டு நாள் வெயில்லை திறந்து விடுங்கோ. எல்லாம் போயிடும். கழுவிப்போட்டுச் சொல்லுங்கோ, வாங்கிற ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாறன்."

காருக்கு விலை மாதா மாதம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது எனக்குத் தெரியும். புதுக் கப்பல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அக்காவும் சொல்கிறாள், வித்துப்போட்டு நீயும் வா, அங்கை தனிய என்ன செய்யிறாய் என்று. பிள்ளை பிறந்துவிட்டது. தொலைபேசியில் அம்மா பிள்ளையைக் காட்டுகிறார். காட்டிவிட்டு, "கார் குடுத்தாச்சோ?" என்கிறார்.

வேலை முடிந்து வந்தால் இப்போது வீட்டுக்குள் போகமுன் கொஞ்ச நேரம் காருக்குள் இருக்கிறேன். கண்ணாடிகளை ஏற்றியே வைத்திருக்கிறேன். மணம் முன்னைப்போல் இல்லை, குறைகிறது. ஏசி போட்டால் கெதியாகப் போய்விடும் என்று போடுவதில்லை. வியர்வையோடு இருந்துவிட்டு இறங்குவேன்.

நேற்றும் தரகர் போன் எடுத்தார். "என்ன தம்பி, கழுவியாச்சோ?"

"இல்லை அண்ணை. கிணத்திலை தண்ணி இல்லை" என்றேன்.

மாரி பிடித்துப் பல நாளாகிவிட்டது. கிணறு கையால் அள்ளும் அளவுக்கு நிறைந்து கிடந்தது. கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"சரி தம்பி" என்றார். "தண்ணி வந்தாப்பிறகு சொல்லுங்கோ."